ஆமை நெஞ்சு

கழுவகப் பதிவேடு
தென்முனைத் தங்கல், நிலவு

நாள் 143. காலை 06:10

பட்டை எண் 9-இன் கொக்கியில் நீளமான முடி ஒன்று சிக்கியிருந்தது. எடுத்துக் குப்பைக் குழாயில் போட்டேன்.

உள்ளுடை பதினொன்று கழுவியாயிற்று. ஒன்றில் முழங்கால் தையல் விட்டிருக்கிறது. ஒன்றில் கழுத்துப் பக்கம் உப்பு படிந்திருந்ததால் இரண்டு முறை அலசினேன். செலவான தண்ணீர் நாற்பத்தொரு லிட்டர். உலர்த்தி சரியாக ஓடுகிறது.

நாள் 143. மாலை 17:30

இந்தப் பதிவேட்டைக் கழுவகத்தில் வேலை செய்பவர்தான் எழுத வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் எண்களை மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அவர் எப்படிப்பட்டவர் என்பது எங்கேயும் தெரியவில்லை. எனக்குப் பின்னால் வருபவர் அப்படித் தடுமாறக் கூடாது என்று கொஞ்சம் கூடுதலாக எழுதுகிறேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதும் ஒரு காரணம்.

என் பெயர் இசக்கியம்மாள். வயது பதினேழு. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அக்கா பொன்செல்வி பனி துளைக்கும் வேலைக்கு வந்தாள். ஊரில் எங்களுக்கு வேறு யாரும் இல்லாததால் என்னையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

இங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரும்பள்ளம் இருக்கிறது. அதன் அடியில் வெயில் பட்டதே கிடையாது. பதினொரு பேர் அதில் இறங்கிப் பனியைத் துளைத்து எடுத்து வருகிறார்கள். தங்கலின் தலைவர் நயினார் அண்ணாச்சி. அவரும் அந்தப் பதினொருவரில் ஒருவர்; எங்களைப் போலத் தாமிரபரணிப் பக்கத்துக்காரர்தான்.

துளைப்பவர்கள் எல்லோரும் நெஞ்சில் ஒரு பட்டை கட்டியிருக்க வேண்டும். அது நாடித் துடிப்பை எண்ணிப் பூமியில் இருக்கும் டாக்டர் ரெஹானாவுக்கு அனுப்பும். எண் மட்டும்தான் போகும். அவர் முப்பது தங்கல்களைப் பார்க்கிறார். ஓய்வு நேரத்தில் ஒருவரின் துடிப்பு பத்து நிமிடம் தொடர்ந்து நூற்றிருபதுக்கு மேலேயே இருந்தால் அவர் தலையிடுவார். ஊசி மருந்தும் அதிர்ச்சிக் கருவியும் தலைவர் அறையில் ஒரு பெட்டியில் இருக்கும்; அதை டாக்டர்தான் அங்கிருந்து திறக்க முடியும். ஒருவருக்காகப் பெட்டி திறந்தால் அந்த ஆள் அடுத்த கப்பலில் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

யாருக்கும் போக மனமில்லை. அதனால் இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. படபடப்பு வந்த ஆளின் பட்டையை ஓய்வு நேரத்தில் நான் கட்டிக்கொள்வேன். என் துடிப்பு ஐம்பத்து நான்கு. துணிக்கொடிக்கு அடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் போதும். டாக்டரின் பலகையில் அந்த ஆள் நிம்மதியாகத் தூங்குவதுபோல் தெரியும்.

இதைத் தொடங்கி வைத்தவர் நயினார் அண்ணாச்சி. முதல் நாள் இன்டர்காமில் சொன்னார்: "உனக்கு ஆமை நெஞ்சு, பிள்ள. அது ஒரு வரம். நாலு பேருக்கு ஒதவட்டும்."

எந்த எண் யாருடையது என்ற பட்டியல் அவரிடம் மட்டும் இருக்கிறது. மாதம் ஒருமுறை மாற்றிக் கொடுப்பார். ஒன்பது கொம்பையா அண்ணனுடையது என்றார். கொம்பையா அண்ணனுக்குத் தலையில் முடியே கிடையாது. அக்காவின் உள்ளுடையோடு சேர்த்துக் கழுவியதால் அவள் முடி ஒட்டியிருக்கும்.

நாள் 145. மாலை 16:00

டாக்டரின் வாரப் பேச்சு. தங்கலின் எல்லா ஒலிபெருக்கியிலும் கேட்டது. பள்ளத்தில் இருந்தவர்கள் ரேடியோவில் பதில் பேசினார்கள். எனக்குப் பிடித்திருந்ததால் நினைவிலிருந்து எழுதி வைக்கிறேன்.

டாக்டர்: "வணக்கம், தென்முனை. இன்னைக்கு நெஞ்சைப் பத்திப் பேசலாம்."

கொம்பையா அண்ணன்: "நெஞ்செல்லாம் ஊர்லயே விட்டுட்டு வந்துட்டோம், டாக்டரம்மா."

டாக்டர்: "அப்போ எனக்கு இங்க பதினொரு எண் தெரியுதே, அது யாரோட நெஞ்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அன்று என் நெஞ்சில் இரண்டு பட்டைகள் இருந்தன.

டாக்டர்: "வேலை செய்யும்போது வேகமா அடிச்சா பயமில்ல. சும்மா படுத்திருக்கும்போது நூத்தைம்பது, இருநூறுன்னு அடிச்சா அது நோய். ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவுல நெஞ்சு நிரம்பணும். நிரம்ப நேரமே குடுக்காம ஓட்டினா, எவ்வளவு வேகமா ஓடினாலும் ரத்தம் போகாது. முதல்ல தலை சுத்தும். மூச்சு வாங்கும். நெஞ்சு வலிக்கும். கழுத்துல சில்லுன்னு வேர்க்கும். அப்புறம் மயக்கம். மணிக்கணக்கா அப்படியே விட்டா நெஞ்சே களைச்சுப் போயிடும். சில பேருக்கு அடிக்கறதை விட்டுட்டு வெறுமனே நடுங்க ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் சில நிமிஷம்தான். பெட்டியைத் திறந்து அதிர்ச்சி குடுக்கலன்னா ஆள் இல்ல."

கொம்பையா அண்ணன்: "மூஞ்சியில தண்ணி தெளிச்சா எந்திச்சிர மாட்டோமா?"

டாக்டர்: "தெளிச்சா போதாது. ஆனா அதுலயும் விஷயம் இருக்கு. நல்லா குளிர்ந்த தண்ணியில, மூச்சை அடக்கி, நெத்தியும் கன்னமும் நனையற மாதிரி முகத்தை வைக்கணும். அரை நிமிஷம். நல்ல நெஞ்சு அதுல கட்டாயம் இறங்கும். நோய் வந்த நெஞ்சு சில நேரம் இறங்கும், சில நேரம் இறங்காது. இறங்கலன்னா நான் பெட்டியைத் திறப்பேன். அதுக்குத்தான் நான் இங்க உட்கார்ந்திருக்கேன்."

அக்கா கேட்டாள்: "டாக்டர், படபடன்னு வந்துட்டு அதுவா நின்னுட்டா?"

டாக்டர்: "நின்னாலும் சொல்லணும். யாருக்கு அப்படி வருது?"

நயினார் அண்ணாச்சி இடையில் புகுந்தார்: "யாருக்குமில்ல, டாக்டர். பொன்செல்வி சும்மா கேக்குது. எல்லாத்துக்கும் ஒரு கேள்வி வச்சிருக்கும்."

கடைசியில் கொம்பையா அண்ணன் என்னை வம்புக்கு இழுத்தார்: "கழுவகத்துல ஒரு ஆள் கெடக்கே, உயிரோட இருக்கா? இசக்கின்னு பேரு வச்சுட்டு இப்படி வாயத் தொறக்காம இருந்தா, அந்த அம்மனுக்கே கோவம் வரும்."

அக்கா சொன்னாள்: "அவ பேச ஆரம்பிச்சா நீரு தாங்க மாட்டீரு, அண்ணே."

நாள் 148. பிற்பகல் 13:00

பட்டை எண் 9 காலை 09:00-லிருந்து என்னிடம். நயினார் அண்ணாச்சி இன்டர்காமில் சொன்னது: "கொம்பையாவுக்கு முழிப்புப் பசை கூடிப்போச்சு. உச்சி தாண்டுத வரைக்கும் எந்திக்காத. நடந்தா எண் ஏறிரும்." முழிப்புப் பசை என்பது தூக்கம் வராமலிருக்க அவர் எல்லோருக்கும் கொடுக்கும் குழாய். கசக்கும்.

11:10-க்கு அக்கா அறையிலிருந்து கூப்பிட்டாள். வேலையிலிருந்து பாதியில் திரும்பியிருக்கிறாள்.

"ஏட்டி, என்ன செய்த?"

"உக்காந்திருக்கேன், யக்கா."

"நானும் படுத்துதான் கெடக்கேன். ஒண்ணுமில்ல. டாக்டர் பாத்துக்கிட்டு இருக்காவளாம். கூப்பிடுவாவளாம்."

குரல் ஓடி வந்தவள் குரல்போல இருந்தது. சரி என்றேன். டாக்டர் எதற்குப் பார்க்கிறார் என்று கேட்கவில்லை. பேச்சு நீண்டால் துடிப்பு ஏறும்.

என் எண் 54.

நாள் 148. பிற்பகல் 13:50

ஒலிபெருக்கியில் நயினார் அண்ணாச்சி: "எல்லாரும் வேலைய நிறுத்திட்டு வாங்க. பொன்செல்வி ஏணியிலேர்ந்து விழுந்துட்டு."

கழுவகத்திலிருந்து அக்காவின் அறைக்கு முப்பது அடி.

நாள் 149. காலை 08:00

உள்ளுடை பத்து.

பதினொன்றாவது அக்காவுடையது. அதைத் தனியாகக் கழுவினேன். கழுத்தைச் சுற்றி, நெஞ்சுக்கு நடுவில், முதுகில் முழுக்க வேர்வை. ஏணியிலிருந்து தவறி விழுந்து செத்தவளுக்கு இவ்வளவு வேர்வை எப்படி வரும் என்று தெரியவில்லை.

உள்ளுடைக்குள் ஒரு பட்டை இருந்தது. அதில் எண் இல்லை. விளக்கும் எரியவில்லை. அழுத்திப் பார்த்தேன். உள்ளே மின்கலமே இல்லை. வெறும் பட்டை.

நாள் 150. காலை 10:15

டாக்டர் ஒலிபெருக்கியில் பேசினார். கட்டுப்பாட்டறைக்கு மட்டும் பேசுவதாக நினைத்திருப்பார்.

"நயினார், பொன்செல்வியோட பதிவு எனக்குப் புரியல. பட்டை எண் ஒன்பது. காலையிலேர்ந்து ஐம்பத்து நாலு. ஒரு தடவைகூட அறுபதைத் தாண்டல. அவ்வளவு அமைதியான நெஞ்சு எப்படி நின்னுது? அதுவும் நீங்க சொல்ற நேரத்துக்கு அப்புறம் இருபது நிமிஷம் அடிச்சிருக்கு."

ஒலிபெருக்கி பட்டென்று அணைந்தது.

அந்த முடி அக்காவுடையது. உள்ளுடையிலிருந்து ஒட்டவில்லை. அவள் தலையிலிருந்தே சிக்கியது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். படிப்பவருக்குக் குழப்பம் வரக் கூடாது. அக்காவுக்குப் படபடப்பு வந்தது. நயினார் அண்ணாச்சியிடம் சொன்னாள். இதற்கு முன் நெஞ்சு நோயால் இரண்டு பேரை ஊருக்கு அனுப்பியாயிற்று. மூன்றாவது ஆள் போனால் தலைவரையே மாற்றிவிடுவார்கள். அதனால் அவள் பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, செத்த பட்டை ஒன்றைக் கட்டிவிட்டு, டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார், படு என்று சொல்லியிருக்கிறார். அவளுடையதைக் கொம்பையாவுடையது என்று சொல்லி என் கையில் கொடுத்தார்.

அவள் டாக்டர் கூப்பிடுவார் என்று காத்துக்கொண்டே செத்தாள். டாக்டர் என் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாள் 151. காலை 11:40

எல்லோரும் பள்ளத்துக்குப் போனபிறகு கட்டுப்பாட்டறைக்குப் போனேன். பூமிக்குப் பேசும் பொத்தான் அங்கே மட்டும்தான் இருக்கிறது. அழுத்தினேன்.

"தென்முனை, சொல்லுங்க. யாரு?"

நான் பேசவில்லை.

"பொன்செல்வியோட தங்கச்சியா? இசக்கியா? அவசரமில்லம்மா. நான் இருக்கேன்."

தொண்டை அடைத்துக்கொண்டது. வகுப்பில் எழுந்து நின்றபோது அடைத்த அதே இடம். வாய் திறந்திருந்தது, ஒன்றும் வரவில்லை. அப்போது பள்ளத்திலிருந்து ரேடியோவில் நயினார் அண்ணாச்சியின் குரல் வந்தது.

"டாக்டர், அந்தப் பிள்ள அதிர்ச்சியில இருக்கு. தெரியாம அமுக்கிருக்கும். ஒண்ணும் கேக்காதீய, பாவம்."

திரும்பி வந்ததும் இன்டர்காமில் எனக்கு மட்டும் சொன்னார்: "ஒம்பதுல ஓடுனது யாரு நெஞ்சு? உன் நெஞ்சுதான? விசாரணைன்னு வந்தா உன்னையத்தான் நிறுத்துவாவ. எந்திச்சு நின்னு பதில் சொல்ல உன்னால ஆவுமா? யோசிச்சுக்க."

யோசித்தேன். நான் பேசப் போவதில்லை. எழுந்து நிற்கவும் போவதில்லை. எனக்கு உட்கார்ந்திருக்கத்தான் தெரியும். உட்கார்ந்தபடியே செய்வதற்கு ஏதாவது இருக்கும்.

நாள் 152. மாலை 16:20

நயினார் அண்ணாச்சியின் உள்ளுடையைச் சோப்புப் போகாமல் காயவைத்தேன். நாள் முழுக்கக் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்.

முதல் பழி அது. சின்னது. போதவில்லை.

நாள் 157. மாலை 15:00

டாக்டரின் பழைய பேச்சுகளைச் சேமித்து வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் கேட்டேன். நெஞ்சைப் பற்றியதைப் பன்னிரண்டு முறை கேட்டேன். படிப்பில் நான் எதையும் இப்படிப் படித்ததில்லை.

அக்காவின் அந்தக் காலை நேரத்தை டாக்டரின் வரிசைப்படி பிரித்துப் பார்க்கிறேன். முதல் மணி நேரத்தில் தலை சுற்றியிருக்கும். வேலையிலிருந்து பாதியில் வந்தது அதனால்தான். அடுத்தது மூச்சு. 11:10-க்கு என்னோடு பேசியது அந்த நேரம். பிறகு நெஞ்சு வலி. பிறகு கழுத்தில் குளிர்ந்த வேர்வை. அதை நான் கையால் கழுவினேன்.

துடிப்பு இருநூறு என்று வைத்துக்கொண்டால், நான்கு மணி நேரத்தில் அவள் நெஞ்சு நாற்பத்தெட்டாயிரம் முறை அடித்திருக்கும். நான் முப்பது அடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது முறைதான் என்று டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கொம்பையா அண்ணன் ரேடியோவில் சொன்னார்: "ஏ பிள்ள, உன்னைய வம்புக்கு இழுக்க எனக்கு மனசு வரல. நீயா ஒரு வார்த்த பேசு. அழு. எதையாவது போட்டு உடை. நான் அண்ணாச்சிகிட்ட சொல்லிக்கிடுதேன்."

நல்ல மனிதர். அவருக்கும் ஒன்றும் தெரியாது.

நாள் 168. காலை 07:30

உள்ளுடை பத்து. தண்ணீர் முப்பத்தேழு லிட்டர்.

துணி துவைப்பவருக்கு எல்லோருடைய உடம்பும் தெரியும். நயினார் அண்ணாச்சிக்கு அக்குளில்தான் வேர்க்கும். மூன்று நாட்களாகக் கழுத்திலும் நெஞ்சுக்கு நடுவிலும் ஈரம் இருக்கிறது. அக்காவுடையதில் இருந்த அதே இடங்கள். கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மறைக்காமல் எழுதுகிறேன்.

ஏணியில் மூன்றாவது படியில் தலை சுற்றி நின்று மூச்சு வாங்குகிறார். பள்ளத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். பேசும்போது இடது கையால் நெஞ்சைத் தடவுகிறார். அவர் பையில் முழிப்புப் பசைக் குழாய் காலியாக நான்கு இருந்தன. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் நினைவூட்டவில்லை.

தலை சுற்றல், மூச்சு, வேர்வை. வரிசையில் மூன்றுக்குக் குறி போட்டாயிற்று.

நாள் 171. காலை 09:20

இன்டர்காமில் அவர்: "பிள்ள, இன்னும் ரெண்டு வாரத்துல கப்பல் வருது. இந்தப் பக்கத்து நாலு தங்கலுக்கும் என்னையத்தான் தலைவராப் போடப் போறாவ. அதுக்குப் பதினாலு நாள் சுத்தமான பதிவு வேணும். பசை தின்னதுல கொஞ்சம் படபடங்குது, வேற ஒண்ணுமில்ல. என் பட்டைய நீ கட்டிக்க. கப்பல் வந்ததும் உன்னைய ஊருக்கு அனுப்பி வைக்கேன். சரியா?"

நான் பேசவில்லை.

"உன்கிட்ட இதான் நல்ல குணம்."

துணி வரும் குழாய் வழியாகப் பட்டை வந்தது. எண் 2. சூடாக இருந்தது. ஓரத்தில் கடைசியாகப் பதிந்த எண் தெரிந்தது. 117.

அக்காவிடம் செய்ததை ஒருவர் தனக்கும் செய்துகொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எந்த நெஞ்சுக்குப் பதிலாக எந்த நெஞ்சை வைக்கிறோம் என்று அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. நான் பேசாதவள். பேசாதவர்களுக்குக் கோபம் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

கட்டிக்கொண்டேன். 54.

நாள் 172. 54.

நாள் 173. 53. நன்றாகத் தூங்கினேன்.

நாள் 174. பிற்பகல் 13:05

மற்ற ஒன்பது பேரும் பள்ளத்தில். தங்கலில் நயினார் அண்ணாச்சியும் நானும் மட்டும்.

பட்டை எண் 2 என் நெஞ்சில். கொடிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறேன். 55.

நாள் 174. 13:40

இன்டர்காமில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு பேச்சு.

"பிள்ள. அந்தப் பட்டைய இங்க கொண்டாந்து குடு."

56.

நாள் 174. 13:52

"கேக்குதா? இது நிக்க மாட்டேங்கு. நடந்து வரலாம்னு எந்திச்சேன், கண்ணு இருட்டிட்டு. தரையில கெடக்கேன். பட்டையக் கொண்டாந்து எனக்கு மாட்டி விடு. டாக்டர் பாக்கட்டும், பெட்டியத் தொறக்கட்டும். பதவியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

கட்டுப்பாட்டறை அவர் அறையிலிருந்து அறுபது அடி. நடந்து போக அவரால் முடியாது. இன்டர்காம் தங்கலுக்குள் மட்டும்தான் கேட்கும். கேட்பவள் நான் ஒருத்திதான்.

60.

நாள் 174. 14:10

"இசக்கி. தாயி. நெஞ்சு வலிக்கி. உங்க அக்காவுக்கு நான் வேணும்னு செய்யல. நின்னுரும்னு நெனச்சேன். எல்லாருக்கும் வந்து வந்து நிக்கத்தான செய்யுது. நின்னுரும்னுதான் நெனச்சேன்."

வலிக்குக் குறி போட்டேன்.

நாள் 174. 14:26

"ஒரு வார்த்த சொல்லு. திட்டவாவது செய்."

இன்டர்காம் பொத்தானை அழுத்தினேன். தொண்டை அடைக்கவில்லை. முதல்முறையாக அடைக்கவில்லை. சொன்னேன்.

"டாக்டர் பாத்துக்கிட்டுதான் இருக்காவ, அண்ணாச்சி. கூப்பிடுவாவ."

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமில்லை. புரிந்துவிட்டது. அந்தச் சத்தமின்மைக்காகத்தான் இருபத்தாறு நாள் காத்திருந்தேன்.

நாள் 174. 14:31

ஏதோ தவறாகிவிட்டது. என் எண் 131. உட்கார்ந்துதான் இருக்கிறேன். ஓடவில்லை. அந்த ஒரு வரியைச் சொன்னதிலிருந்து ஏறிக்கொண்டே போகிறது. எழுத்து கோணுகிறது.

ஒலிபெருக்கி.

"தென்முனை. பட்டை எண் ரெண்டு. நயினார், உங்க துடிப்பு நூத்தி முப்பத்தொண்ணு. ஓய்வுலதானே இருக்கீங்க? பதில் சொல்ல முடியலன்னா அப்படியே படுத்திருங்க. பத்து நிமிஷம் பாக்கறேன். நூத்தி இருபதுக்குக் கீழ இறங்கலன்னா பெட்டியைத் திறந்துடுவேன். தங்கல்ல யார் இருந்தாலும் கருவியை எடுத்துட்டு அவர்கிட்ட ஓடணும். என்ன செய்யணும்னு கருவியே சொல்லும். சுலபம்தான்."

நாள் 174. 14:33

அவருக்கும் அது கேட்டிருக்கிறது. இன்டர்காமில் அழுகிறார். இல்லை, சிரிக்கிறார்.

"கண்டுபிடிச்சுட்டாவ. டாக்டர் கண்டுபிடிச்சுட்டாவ. பத்து நிமிஷம்தான."

அவருடைய நெஞ்சை யாரும் கண்டுபிடிக்கவில்லை. என்னுடையதைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். இத்தனை நாள் எல்லோருக்காகவும் அடங்கிக் கிடந்த நெஞ்சு இன்றைக்கு அவருக்காக ஓடுகிறது. அவரைக் காப்பாற்றுவதற்கு ஓடுகிறது. நான் வெறுப்பதாலேயே ஓடுகிறது.

138. மூச்சை மெல்ல இழுத்து விடுகிறேன். இறங்கவில்லை.

நாள் 174. 14:35

பட்டையைக் கழற்றினால் எண் போய்விடும். எண் போனாலும் டாக்டர் பெட்டியைத் திறப்பார்; அது அண்ணாச்சியின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கழற்ற முடியாது.

"நயினார், நாலு நிமிஷம் ஆச்சு. நூத்தி நாப்பத்திரண்டு. தைரியமா இருங்க. நான் இருக்கேன்."

நான் இருக்கேன் என்று அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. அவள் அங்கே படுத்துக்கொண்டு என்னிடம் ஒண்ணுமில்ல என்றாள்.

142. 144.

"இசக்கி, இன்னும் எத்தன நிமிஷம்? கை மரத்துப்போச்சு. எத்தன நிமிஷம் பிள்ள?"

நாள் 174. 14:37

நினைவு வந்துவிட்டது. நல்ல நெஞ்சு கட்டாயம் இறங்கும். டாக்டர் சொன்னது. பன்னிரண்டு முறை கேட்டது. நூற்றிருபதுக்குக் கீழே இறங்கினால் பெட்டி திறக்காது.

எழுந்தேன். பனியை உருக்கும் தொட்டியின் குழாயைத் திறந்து வாளியைப் பிடித்தேன். இங்கே தண்ணீர் அவசரப்படாது. பெரிய பெரிய சொட்டுகளாக மெல்ல இறங்கும். நிரம்பும்வரை நின்றேன். பனித்துண்டுகள் மிதந்தன. பட்டை நகராமல் கொக்கியை ஒரு துளை இறுக்கினேன். மண்டியிட்டேன். மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு, நெற்றியும் கன்னமும் நனையும்படி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன்.